சாலியாற்றில் பேடில் போர்டு: கயிற்றைக் காலில் கட்டாதீர்கள்

மழை ஓய்ந்து நவம்பர் பிறந்துவிட்டால் கேரளத்தின் சாலியாறு சாதுவாகிவிடும். நீலகிரி மலைகளில் பிறந்து நிலம்பூர் வழியாக வந்து பேப்பூரில் கடலைச் சேரும் இந்த ஆற்றில், பேடில் போர்டு என்னும் மிதவைப் பலகைமேல் நின்றபடி துடுப்பு போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுவதும் மிதக்கலாம். வார இறுதிகளில் புதியவர்கள் நிறையவே வருகிறார்கள். நான் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். துடுப்பைத் திருப்பிப் பிடிப்பது, காலையே பார்த்துக்கொண்டு நிற்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு தடவை தண்ணீரில் விழுந்தால் அவை தாமே சரியாகிவிடும்.

கணுக்காலில் கயிறு

பலகையையும் ஆளையும் இணைக்கும் லீஷ் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கடலில் அது சரி. அங்கே கயிறு சிக்குவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அலை பலகையை அடித்துக்கொண்டு போகாமல் அது காக்கும். ஆற்றிலோ வலை கட்டிய மூங்கில் கழிகளும், சாய்ந்த மரங்களும், பாலத் தூண்களும் இருக்கின்றன. கழிக்கு ஒரு பக்கம் பலகை, மறு பக்கம் நீங்கள் என்று பிரிந்தால் கயிறு நடுவில் மாட்டி விறைத்துக்கொள்ளும். ஓட்டம் தான் போகும் பக்கம் உங்களைத் தள்ள, கயிறு காலை எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த நிலையில் குனிந்து கணுக்காலைத் தொட முடியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலை நீருக்குள் போகும்.

ஒரு பாலத்துக்குக் கீழே ஓர் இளைஞர் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நீர் இடுப்பளவுதான், ஓட்டமும் நிதானம்தான். அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. தோணியில் வந்த மீனவர் கயிற்றை அறுத்துவிட்டதால் பிழைத்தார். பலகையை வாடகைக்குக் கொடுத்தவர் கடற்கரையில் கொடுக்கும் அதே கயிற்றைக் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, "இது சின்ன ஆறுதானே" என்றார். ஓடும் நீர் எவ்வளவு அழுத்தும் என்று தெரிந்தவர் பேசும் பேச்சா அது?

வேண்டியது, கயிற்றை மாட்டும் இடுப்புப் பட்டை. அதில் ஓர் உருண்டைக் குமிழ் இருக்கும். இழுத்தால் பட்டை மொத்தமும் கழன்றுவிடும். அதை லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே கட்ட வேண்டும், உள்ளே அல்ல. குமிழ் இரண்டு கைக்கும் எட்ட வேண்டும். கரையோர நீரில் கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையால் ஒரு முறை, வலக்கையால் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். அப்படிப்பட்ட பட்டை கிடைக்கவில்லையென்றால் ஆற்றில் கயிறே வேண்டாம். பலகை போனால் போகட்டும்.

ஷட்டரை நெருங்குவது

கடல் உப்பு மேலே ஏறாமலிருக்கக் கவணக்கல் என்ற இடத்தில் ரெகுலேட்டர், அதாவது ஷட்டர் வைத்த தடுப்பணை, கட்டியிருக்கிறார்கள். ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து வரும்போது நீர் சமதளமாக, ஆபத்தே இல்லாததுபோல் தெரியும். கண்ணை நம்பாமல் வெகு முன்பாகவே கரையேறி, பலகையைச் சுமந்து சுற்றிக்கொண்டு போங்கள். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில், மழையால் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் இழுக்கப்பட்டு நான்கு பேடில் போர்டுக்காரர்கள் இறந்தார்கள்.

தாமதமாகக் கிளம்புவது

ஆறு மேற்கே ஓடுகிறது; கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. முற்பகலில் எழும் காற்று பிற்பகலில் வலுத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் உடம்பே பாய்மரமாகி, பலகை வந்த வழியே திரும்பும். அப்போது மண்டியிட்டுத் துடுப்பு போடுங்கள். விடிந்ததும் கிளம்பினால் இந்தப் பாடு இல்லை. ரெகுலேட்டருக்குக் கீழே போகிறவர்கள் பேப்பூரின் ஓத (கடல் ஏற்ற இறக்க) நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் நீர் உங்களுக்கு எதிராக ஏறும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

இறங்காதீர்கள்.

மணல் திட்டில் நீளமான அடிச்சிறகு

பலகையின் அடியிலுள்ள சிறகு மணலில் தட்டினால் பலகை நின்றுவிடும், நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள். குட்டைச் சிறகை மாட்டுங்கள். தரை தெரிந்தால் மண்டியிடுங்கள்.

வெயிலில் பலகை

சாப்பிடக் கரையேறும்போது காற்றடைத்த பலகையை மணலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து ஒட்டுகளைப் பிளந்துவிடக்கூடும். நிழலுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.