ஒரு பென் டிரைவ், வீடெங்கும்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வருபவர்களின் பெட்டியில் ஒரு பென் டிரைவோ கையடக்க வன்தட்டோ அநேகமாக இருக்கும். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடக் காணொளிகள், பழைய பாடல்கள், அலுவலகக் கோப்புகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். வந்த ஒரு வாரத்துக்குள் அது மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்குமாக நாள் முழுவதும் கைமாறத் தொடங்கிவிடும். அதை வைஃபை ரவுட்டரில் ஒருமுறை செருகிவிட்டால், வீட்டிலுள்ள கருவிகள் அனைத்திலும் அந்தக் கோப்புகளைத் திறக்கலாம்.

ஆனால் ரவுட்டரைத் தொடுவதற்கு முன், அது யாருடையது என்று பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வந்து இறங்குபவர்களில் பலர், வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய ஒரு பகுதியைத்தான் முதலில் வாடகைக்கு எடுக்கிறார்கள். அதை இங்கே அனெக்ஸ் என்பார்கள். பல அனெக்ஸ்களில் வைஃபையும் வாடகையோடு சேர்ந்தே வரும், அதாவது வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே வலையமைப்பில் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேட்டுவிட்டுத்தான் வன்தட்டைச் செருகினேன் என்றாலும், ஊடகப் பகிர்வு என்ற வசதி அந்த ரவுட்டரில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா மெல்லச் சொன்னார்: "தம்பி, உங்கட தங்கச்சிட கலியாண வீடியோ எங்கட டிவியில தெரியுது." டிஎல்என்ஏ என்ற பெயரில் வரும் அந்த வசதி, வன்தட்டில் கண்ட படங்களையும் பாடல்களையும் தானே பட்டியலிட்டு, அதே வைஃபையில் இருக்கும் தொலைக்காட்சிகளுக்குக் கடவுச்சொல் எதுவும் கேட்காமலே காட்டிவிடும். ஆகவே வீட்டுக்காரரோடு ஒரே வைஃபையைப் பகிர்பவர்கள் கடவுச்சீட்டின் நகல், வதிவிட விசாவுக்கான ஆவணங்கள், வங்கிக் கடிதங்கள் ஆகியவற்றை ரவுட்டரில் செருகும் வன்தட்டில் வைக்கவே வேண்டாம். அவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய பென் டிரைவ் போதும், அது அலமாரியில் இருக்கட்டும்.

இணைய டேட்டா கரைந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இங்கே வீட்டு இணையப் பொதிகள் பலவும் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கில் வருவதால் அந்த அச்சம் இயல்பானதுதான். ஆனால் ரவுட்டரிலிருந்து உங்கள் தொலைபேசிக்கு வரும் கோப்பு வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது, வெளி இணையத்துக்குப் போவதேயில்லை. ஒரே பாடக் காணொளியைப் பிள்ளை பத்து முறை பார்த்தாலும் பொதியிலிருந்து ஒன்றும் குறையாது. இணைய இணைப்பு அறுந்திருக்கும் நேரத்திலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை கோப்புகளைத் திறக்கலாம்.

ரவுட்டரின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் துளை இருந்தும் பகிர்வு வசதி முடக்கப்பட்டிருக்கக்கூடும், அதனால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்வது நல்லது. பென் டிரைவுக்கு மின்சாரம் ஒரு பிரச்சினையாக இராது. சுழலும் வட்டுள்ள கையடக்க வன்தட்டு அப்படியல்ல: யூஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லிஆம்பியர் அதற்குப் போதாமல், டிக் டிக் என்று ஒலித்தபடி இயங்காமல் நிற்கலாம். அப்போது வன்தட்டுக்கும் ரவுட்டருக்கும் இடையில் செருகும், தனி மின்னிணைப்புள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உள்ள கணினிக் கடைகளிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ தேடலாம். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஹப் என்றால், மின்னழுத்தம் இரு நாடுகளிலும் 230 வோல்ட் என்பதால் அதில் சிக்கல் இல்லை, ஆனால் இங்குள்ள சதுரமுனை 13 ஆம்பியர் சொக்கெட்டில் உருண்டைமுனை பிளக் ஏறாது. குச்சியை விட்டுத் திறந்து செருகும் வித்தையைச் செய்யாமல் ஓர் அடாப்டரை வாங்கிவிடுங்கள்.

வன்தட்டின் கோப்பு முறைமையையும், அதாவது அதில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையையும், பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாட்32 என்றால் எல்லா ரவுட்டர்களும் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் பெரும்பாலான ரவுட்டர்களில் வேலை செய்கிறது, எக்ஸ்ஃபாட் சிலவற்றில் செய்வதில்லை. ஒரு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியமைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் அதில் கைவைக்க வேண்டும். கோப்புறைகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே பாதுகாப்பு என்பது என் அனுபவம், ஏனெனில் என் பழைய ரவுட்டர் தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாகவே காட்டியது.

செருகியபின், உலாவியில் ரவுட்டரின் முகவரியை இடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், நிர்வாகக் கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கும். உள்ளே யூஎஸ்பி, ஸ்டோரேஜ், சம்பா ஆகிய பெயர்களில் ஒன்றைத் தாங்கிய பகுதியில் பகிர்வை இயக்கி, ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். அதே பக்கத்தில் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக வெளி இணையத்திலிருந்து அணுகும் வசதி இருந்தால், அதை மூடியே வையுங்கள்.

விண்டோஸ் கணினியில் கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று இட்டால் கோப்புறைகள் தெரியும். ஐஃபோனில், 2019 இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஃபைல்ஸ் செயலியிலேயே சேவையகத்துடன் இணையும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு தொலைபேசியிலும் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியிலும் விஎல்சி செயலியே போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கணினியில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அநேகமாக இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அந்தக் கணினி வீட்டுக்காரரின் விருந்தினர் வைஃபையில் இருந்தால், அது ரவுட்டரின் மற்றக் கருவிகளை வேண்டுமென்றே மறைக்கும். இன்னொன்று, ரவுட்டர் பழையது என்பது. இந்தப் பகிர்வு எஸ்எம்பி என்ற நெறிமுறையில் நடக்கிறது, பழைய ரவுட்டர்களுக்கோ அதன் முதலாம் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது, விண்டோஸில் அந்தப் பதிப்பு இயங்கிய விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் முதலாம் பதிப்பு இயல்பாக இயங்குவதில்லை. அதைத் திரும்ப இயக்கச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம் உண்டு, ஆனால் ஒரு திரைப்படம் பார்ப்பதற்காகத் திறக்கக்கூடிய கதவன்று அது. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வன்தட்டை மடிக்கணினியிலேயே செருகி, அங்கிருந்து கோப்புறையைப் பகிருங்கள். மடிக்கணினி விழித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் குறையொன்றுமில்லை.

வேகத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 5 எம்பி கிடைத்தால் 1 ஜிபி கோப்பை நகலெடுக்க மூன்றரை நிமிடம் ஆகும். காணொளி பார்க்க அது தாராளம். தொடர்மாடிகளில் அயலவரின் வைஃபைகளும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 3.0 வன்தட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குழப்பக்கூடியது, எனவே அதை ரவுட்டரின் அன்டெனாவுக்கு அருகில் வைக்காதீர்கள்.

கொழும்பின் வானிலைக்கும் இதில் பங்குண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். கறுத்துக்கொண்டு வருவதைக் கண்டால் ரவுட்டரின் மின்னிணைப்பைக் கழற்றிவிடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். அதற்கு முன், உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்து வன்தட்டைப் பாதுகாப்பாக வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள், ஏனெனில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது என் வன்தட்டு ஒன்று அப்படித்தான் போனது. மரைன் டிரைவ் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் துருப்பிடிக்கும், மாதத்துக்கொருமுறை கழற்றிப் பார்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அனெக்ஸை விட்டு வேறிடம் போகும்போது வன்தட்டை எடுத்துக்கொள்வதோடு, ரவுட்டரில் நீங்கள் உருவாக்கிய பயனர் பெயரை நீக்கி, பகிர்வையும் நிறுத்திவிட்டு, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அதை வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.