காலிஃபிளவர் இலை வாலாக நீண்டது ஏன்?

ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் காலிஃபிளவரில் புது இலைகள் அகலமே இல்லாமல், நடுநரம்பு மட்டும் வால் போல நீண்டு வந்தன. பார்த்தால் புழு தின்றது போலவே இருக்கும். இரவில் டார்ச் அடித்துத் தேடினேன், வேப்பெண்ணெய் தெளித்தேன், தொழுவுரமும் கூடுதலாக வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் இலையின் ஓரத்தைக் கவனித்தேன். புழு கடித்தால் ஓரம் கிழிந்திருக்கும், கீழே எச்சம் கிடக்கும். இங்கே ஓரம் வழுவழுப்பாக நெளிந்திருந்தது. அதாவது, இலை முளைக்கும்போதே இப்படித்தான் வருகிறது. அதே நாற்று சேலத்தில் அக்கா வீட்டில் செழிப்பாக நின்றது. அப்படியென்றால் சந்தேகம் மண் மேல்தான்.

மண்ணைப் பரிசோதித்ததில் கார அமில நிலை (pH) 5-ஐ ஒட்டி, அதாவது அமிலமாக இருந்தது. 5.5-க்குக் கீழே இறங்கினால் செடிக்குத் துளியளவே தேவைப்படும் மாலிப்டினம் என்ற சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது. அது குறைந்தால் காலிஃபிளவர் இலை விரியாது. ஏற்காடு இருக்கும், மழை அதிகமுள்ள சேர்வராயன் மலை மண்ணில் அமிலத்தன்மை சகஜம்.

லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் சோடியம் மாலிப்டேட் (மாலிப்டினம் தரும் உப்பு) கரைத்து, இலை நனையத் தெளித்தேன். பழைய இலைகள் அப்படியே இருந்தன, புதியவை அகலமாக விரிந்தன. பெரிய நிம்மதி. குருத்தே கருகிய செடிகளில் பூ கட்டாது என்பதால் அவற்றைப் பிடுங்கிவிட்டேன். அடுத்த நடவுக்கான பாத்தியில் அமிலத்தன்மையைக் குறைக்க இப்போதே சுண்ணாம்பு கலந்து வைத்திருக்கிறேன்.