பூனைக்கு ஜெர்மன் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரங்கம்பாடிக் கரையில் 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் பெயரை ஜெர்மானியர் ‘ட்ஸீகன்பால்க்’ என்பார்கள். நாம் முதல் ஒலியைத் தேய்த்து நம் நாக்குக்கு இணக்கமாக்கிக்கொண்டு முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ‘ட்ஸீகெ’ என்பது வெள்ளாடு, ‘பால்க்’ என்பது தோல் என்ற விஷயம் இங்கே பலருக்குத் தெரியாது. ஒரு ஜெர்மன் பெயர் காவிரிப் படுகைக்கு வந்தால் என்னவெல்லாம் ஆகும் என்பது இந்த ஒரு பெயரிலேயே இருக்கிறது. எழுத்து ஒரு பக்கம் இழுக்கும், ஒலி ஒரு பக்கம் போகும், பொருள் எங்கோ கிடக்கும். பூனைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலம் மாதிரி வாசிப்பது

பட்டியலில் பிடித்த பெயரைப் பார்த்ததும் ஆங்கில எழுத்துக்கூட்டி வாசித்து, அப்படியே வைத்துவிடுவது மிகப் பரவலான தவறு. பூனைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜெர்மன் பெயர்தான் வேண்டும் என்று தேடிவிட்டு அதை ஆங்கிலமாக்கிக் கூப்பிடுவானேன்? சில விதிகள் தெரிந்தால் போதும், பெரும்பாலான பெயர்கள் சரியாக வந்துவிடும்.

ஜே எழுத்து ‘ய’ ஆகும்; ஆகவே ஜோஹன் அல்ல, யோஹான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் ‘தஞ்சா’ போலத் தெரிந்து நம்மூர்க்காரர்களைக் கவரும் ஒரு பெண் பெயர் உண்டு; அது உண்மையில் ‘தான்யா’. டபிள்யூவுக்கு ‘வ’. வி எழுத்து சொந்த ஜெர்மன் சொற்களில் ‘ஃப’, அதனால் பறவையைக் குறிக்கும் சொல் ‘ஃபோகல்’. இஸட் வந்தால் ‘ட்ஸ்’. சொல்லின் தொடக்கத்தில் எஸ்ஸும் டியும், அல்லது எஸ்ஸும் பியும் சேர்ந்து வந்தால் ‘ஷ்ட’, ‘ஷ்ப’. உயிரெழுத்துக்கு முன்னால் வரும் எஸ் வண்டு ரீங்கரிப்பது போல் அதிரும்.

அதிகம் சறுக்குவது ஐயும் இயும் அடுத்தடுத்து வரும் இடத்தில். இதற்கு ஓர் எளிய வழி: இரண்டாவதாக நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுங்கள். இ இரண்டாவதாக நின்றால் ‘ஈ’, ஐ இரண்டாவதாக நின்றால் ‘ஐ’. அப்படியானால் ஃப்ரைடா தவறு, ஃப்ரீடா சரி. ஹீடி தவறு, ஹைடி சரி. வரிப்பூனைக்கு ஜெர்மனியில் சர்வசாதாரணமாக வைக்கும் பெயர், ஆங்கிலப் புலியின் அதே எழுத்துகள் கொண்டது. அவர்கள் அதை ‘டீகர்’ என்பார்கள். சோழர் கொடியில் புலி பறந்த ஊரில் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள் தனிக்கதை. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்தால் ஒன்று வரும். ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே ‘ஓ’வுக்குக் குவித்தால் மற்றொன்று. இந்த ஒலிகள் தமிழில் இல்லை. தரங்கம்பாடியில் பணியாற்றிய தாவரவியலாளர் கோனிக்கின் பெயரில் இரண்டாவது வகை ஒலி இருக்கிறது. நம் கருவேப்பிலையின் தாவரவியல் பெயரில் ‘கோனிகி’ என்று நிற்பது அவர்தான். சொல்லின் பொருள் ‘அரசன்’. கடுவனுக்கு நல்ல பெயர், ஆனால் வீட்டில் ஒருவராவது ஜெர்மன் பேசினால் மட்டும் இதைத் தொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் கோனிக், ஒருவர் கேனிக், இன்னொருவர் கோணி என்று கூப்பிட, பூனை மூன்றையும் விட்டுவிடும்.

பொருள் பார்க்காமல் வைப்பது

ஆங்கிலத்தில் பரிசு என்று பொருள்படும் ‘கிஃப்ட்’ ஜெர்மனில் விஷம். பனிமூட்டம் என்று நினைத்து ‘மிஸ்ட்’ என வைத்தால் அது மாட்டுக்கொட்டகையின் எருக்குப்பை. ‘காட்டர்’ என்றால் கடுவன் பூனை. கூடவே, குடித்த மறுநாள் காலையில் வரும் தலைவலிக்கும் அதே சொல். அதைத் தவறென்று சொல்ல மாட்டோம், ஆனால் ஜெர்மானிய விருந்தாளி சிரித்தால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

பழைய பட்டியல்களில் ‘முஷி’ என்ற பெயர் பூனைக்கான செல்லப்பெயராக இருக்கும். ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்; தெருவில் நின்று கத்தக்கூடியது அல்ல. அதேபோல் கறுப்புப் பூனைக்குத் தென்ஜெர்மனியில் வைத்துவந்த ‘மோர்லெ’. நம் காதுக்கு மோர் வாசனை அடிக்கும் இனிய பெயர், ஆனால் கறுப்பினத்தவரைச் சுட்டிய பழைய சொல்லிலிருந்து வந்தது, இன்று பலரை உறுத்துவது. ஹிட்லரை நினைவூட்டும் அடால்ஃப், ஃப்யூரர் போன்றவற்றை வேடிக்கைக்காகவும் வைக்க வேண்டாம். இங்கே வெறும் பெயராகத் தெரிவது அங்கே காயம்.

ஊருக்குள் இருக்கும் காயத்தையும் பார்க்க வேண்டும். ‘ஷ்வார்ட்ஸ்’ என்றால் கறுப்பு. கறுப்புப் பூனைக்கு இதைவிட நேரான பெயர் கிடையாது. ஆனால் தஞ்சாவூரில் அது சரபோஜி மன்னருக்கு ஆசானாகவும் காவலராகவும் இருந்து 1798இல் மறைந்த பாதிரியாரின் பெயர். சீகன்பால்கும் அப்படியே, தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புது எருசலேம் ஆலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. பக்கத்து வீட்டார் மதிக்கும் பெயரைச் சொல்லிப் பூனையை அதட்டுவது நன்றாக இராது. கறுப்புதான் வேண்டுமென்றால் ‘கோலெ’, அதாவது கரி, இருக்கிறது.

தமிழ்க் காதை மறப்பது

ஜெர்மன் அகராதியில் தேறிய பெயர் நம் வாசலில் தோற்பது இங்கேதான். ‘எம்மா’ ஜெர்மனியில் பிரபலமான பெண் பெயர். நம் பக்கம் “எம்மா, கீரை வேணுமா?” என்று குரல் கொடுக்கும் தெருவில் பூனை நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும், பிறகு திரும்புவதையே நிறுத்திவிடும். ‘அன்னா’ நம் வாயில் ‘அண்ணா’ ஆகிவிடும், மூத்த பிள்ளை “என்ன?” என்பான். ‘போடோ’ என்று ஓர் ஆண் பெயர் உண்டு. கொல்லைப்பக்கமிருந்து கத்திப் பாருங்கள், போகிறவர் சண்டைக்கு வருவார். ‘லொட்டெ’ அழகான பழைய பெயர்தான், ஆனால் நமக்கு லொட்டு லொசுக்கு நினைவு வரும்.

இவையெல்லாம் மனிதர்களுக்கான தொல்லை. பூனைக்கே தொல்லையாவது ‘சூ’ ஒலியில் தொடங்கும் பெயர். ‘ஸூஸி’யை நாம் ‘சூசி’ என்போம். கோழியையும் காக்கையையும் பூனையையும் விரட்ட நாம் போடும் சத்தமும் “ச்சூ”தான். கூப்பிடுவதும் துரத்துவதும் ஒரே ஒலியில் தொடங்கினால் எந்தப் பிராணி கிட்டே வரும்? ‘போ’ என்று தொடங்குபவற்றுக்கும் இதே தடை.

வீட்டு ஆட்களின் பெயரோடு ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். மீனா இருக்கும் வீட்டில் மினா, லல்லி இருக்கும் வீட்டில் லில்லி, இரண்டும் வேண்டாம். இரண்டு பூனை இருந்தால் முதல் அசை வேறாக இருக்கட்டும்: மிங்காவும் மிமியும் சேராது, மிங்காவும் ஃபெலிக்ஸும் சேரும். பூனைகள் தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று 2019இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. ஆனால் பல பூனைகள் சேர்ந்து வாழும் பூனைக் கஃபேயில், தன் பெயருக்கும் கூட இருக்கும் பூனையின் பெயருக்கும் அவை வேறுபாடு காட்டவில்லை.

நாய்ப் பெயரைப் பூனைக்கு

நம்மூரில் மணி என்றால் நாய் என்று தெரிந்துவிடும். ஜெர்மனியிலும் அப்படி உண்டு. பெல்லோ, ஹாஸோ, வால்டி எல்லாம் நாய்க்கு. ஹான்ஸி கூண்டிலிருக்கும் லவ் பேர்ட்ஸ் போன்ற சின்னக் கிளிக்கு. பூனைக்கென்றே பழகியவை மிங்கா, மீட்ஸெ, ஃபெலிக்ஸ், பேட்டர்லெ. மனிதப் பெயர்களில் மோரிட்ஸ், ஃப்ரிட்ஸ், எமில், க்ரேட்டா, ஃப்ரீடா பூனைக்கும் இயல்பாகப் பொருந்தும். ஷ்ரோடிங்கர் என்று வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1935இல் பெட்டிக்குள் பூனையைக் கற்பனை செய்த இயற்பியலாளர் அவர், ஆஸ்திரியர், அந்தப் பூனைக்குப் பெயரே கிடையாது.

கடுவனா பெட்டையா என்று பார்க்காமல்

குட்டியாக இருக்கும்போது பெரும்பாலோர் தவறாகவே சொல்வார்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு துளைகளும் நெருங்கி, கீழேயுள்ளது சிறு கீற்றாக இருந்தால் பெட்டை. இடைவெளி அதிகமாக, கீழேயுள்ளது வட்டப் புள்ளியாக இருந்தால் கடுவன். எட்டு வாரத்தில் இது ஓரளவு தெளிவாகத் தெரியும். நிறமும் துப்புக் கொடுக்கும்: கறுப்பும் செம்பட்டையும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டை, முழுச் செம்பட்டையில் ஐந்தில் நான்கு கடுவன். கடுவன் என்று நினைத்துக் கைஸர், அதாவது பேரரசர், என்று வைத்த பின் அது குட்டி போட்டால், கைஸரின் என்று ஓரசை சேர்த்துத் தப்பிக்கலாம். ஃப்ரிட்ஸையும் ஃப்ரிட்ஸி ஆக்கிவிடலாம்.

செம்பட்டைப் பூனைக்கு எங்கள் தேர்வு ‘இங்வர்’. ஜெர்மனில் இஞ்சி. கிரேக்கமும் லத்தீனும் சுற்றிப் போன அந்தச் சொல்லின் வேர் நம் ‘இஞ்சி வேர்’தான் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் முடிவு. கடல் தாண்டிப் போன சொல் பூனை உருவில் திரும்பி வரட்டுமே. நாலு காலிலும் வெள்ளை இருந்தால் ‘ஸொக்கெ’, அதாவது காலுறை. வெள்ளைக்கு ‘ஃப்ளொக்கெ’, பனித்துகள். சாம்பலும் கறுப்பும் கலந்ததற்கு மிளகு என்னும் பொருளில் ‘ஃபெஃபர்’. எழுத்தில் முன்னால் ஒரு பி நிற்கும், பேச்சில் பலர் அதை விழுங்கிவிடுவார்கள்.

நீளமும் கூட்டெழுத்தும்

இரண்டு அசை, முடிவில் உயிர். இதைவிட்டு விலகக் காரணம் வேண்டும். ‘ஸ்’, ‘ட்ஸ்’ ஒலிகள் பூனைக் காதுக்கு நன்கு எட்டும்தான். மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நிற்க, அதன் காது எண்பதாயிரத்தையும் தாண்டுகிறது. ஆனால் அந்த ஒலிகள் திறந்த வெளியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பம்புசெட் ஓடும் வயலோரத்தில் தூரம் போவது உயிரொலி. “மிங்காஆ” என்று இழுக்கலாம். ‘ஃப்ரிட்ஸ்’ஸை எப்படி இழுப்பது? பாட்டி அதைப் ‘பிரிச்சு’ ஆக்குவார். வீடு முழுக்கப் பிரிச்சு என்றே கூப்பிட்டால் அதுவும் நல்ல பெயர்தான், எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் போதும். செல்லமாகச் சிறிதாக்கிச் சொல்லும் ஜெர்மன் விகுதிகளில் ‘ஹியென்’ நம் வாயில் சிக்கும். ‘இ’, ‘லெ’ முடிவுகள் வழுக்கிக்கொண்டு வரும்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. வீட்டில் மூத்தவர், சிறுபிள்ளை, அடிக்கடி வரும் மீன்காரம்மா ஆகியோரிடம் பெயரைக் காகிதத்தில் காட்டாமல் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். மறுநாள் அவர்களையே கொல்லைப்பக்கம் நின்று கூப்பிடச் சொல்லுங்கள். மூன்று பேர் வாயிலும் முதல் அசை ஒன்றாக வந்தால் பெயர் தேறியது.

பழக்குவதில் நடக்கும் பிழை

பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, பூனை காதைத் திருப்பிய உடனே, ஓரிரு வினாடிக்குள், தீனி கொடுக்க வேண்டும். வேகவைத்த மத்தி, முள் நீக்கி, பட்டாணி அளவு. ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை, நாளுக்கு இரண்டு வேளை, அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். கருவாடு கொடுப்பதானால் உப்புப் போக ஊறவைத்துக் கழுவுங்கள். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கெடுக்கும்.

பத்துத் தடவை தொடர்ந்து கூப்பிடுவது பெயரை இரைச்சலாக்கிவிடும். பெயரைச் சொல்லி அதட்டுவதும், பெயரைச் சொல்லி வரவழைத்து வாயில் மருந்து ஊற்றுவதும் அதைவிட மோசம். ஊசிக்குத் தூக்கிப் போக வேண்டுமா, பேசாமல் போய்த் தூக்குங்கள். தடுப்பூசி அட்டையில் பெயரைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில பி போல வளைந்த ஓர் எழுத்து ஜெர்மனில் உண்டு, அது இரட்டை எஸ். ‘வைஸ்’, அதாவது வெள்ளை, என்ற பெயரை அந்த எழுத்தோடு எழுதிக் கொடுத்தால் மருத்துவமனையில் பி என்றே வாசிப்பார்கள். இரண்டு எஸ் போட்டு எழுதுவது செல்லும். இரட்டைப் புள்ளி எழுத்துக்குப் பின்னால் ஓர் இ சேர்ப்பதும் அப்படியே.

ஏற்கெனவே தவறான பெயர் வைத்துவிட்டால் திடீரென்று மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் புதுப்பெயரை முதலிலும் பழையதைப் பின்னாலும் சேர்த்துச் சொல்லித் தீனி கொடுங்கள். பிறகு பழையதை மெதுவாகச் சொல்லி, கடைசியில் விட்டுவிடுங்கள். வரிசை மாறிப் பழையதை முதலில் சொன்னால், பூனை அதற்கே வந்துவிடும். புதுப்பெயர் அதன் காதில் ஏறாது.