ஸ்போர்ட்ஸ் கார் இன்சூரன்ஸ்: பிரீமியத்தைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

"அண்ணே, ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம் கேக்குறாங்க. ஒரு லட்சத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க. எதை வேணும்னாலும் எடுத்துருங்க."

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் போனில் சொன்னது இது. திருநெல்வேலிக்காரர், பெங்களூரில் மென்பொருள் வேலை. ஆறு வருடம் ஹோண்டா சிட்டி ஓட்டிவிட்டு, ஒன்றரை வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ எம்2 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்கு கார் பாலிசி போட்டுக் கொடுப்பதும், கிளைம் வந்தால் அவர்களோடு வொர்க்‌ஷாப்புக்கு அலைவதும்தான் என் பிழைப்பு. குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. "எதை வேணும்னாலும் எடுத்துருங்க" என்றதுதான் பயமாக இருந்தது. பிரீமியத்தில் நியாயமாகக் குறைக்கக்கூடிய பணம் ஒரு இடத்தில் கிடக்கும். நம்மவர்கள் வேறு இடத்தில் கத்தி வைப்பார்கள்.

முதலில் அந்தத் தொகை எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். குதிரைத்திறன் கூடினால் இன்சூரன்ஸும் அதே வேகத்தில் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பகுதியில், அதாவது நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பில், அப்படி எதுவும் இல்லை. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1500 சி.சி.க்கு மேற்பட்ட எந்தத் தனியார் காருக்கும் வருடத்துக்கு 7,897 ரூபாய்தான். 2.4 லிட்டர் இன்னோவாவுக்கும் அதே தொகை, 5.2 லிட்டர் லம்போர்கினி ஹுராகானுக்கும் அதே தொகை. பணம் ஏறுவது ஓன் டேமேஜ் பகுதியில், அதாவது நம் காருக்கே வரும் சேதத்துக்கான காப்பில். அது ஐ.டி.வி.யை, அதாவது கார் முழுவதும் போனால் நிறுவனம் தர ஒப்புக்கொண்ட மதிப்பை, அடிப்படையாக வைத்துப் போடும் கணக்கு. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டண விகிதம் வகுத்த பழைய டாரிஃப் புத்தகத்தில் பெங்களூர், சென்னை, மும்பை, டெல்லி உட்பட எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். அங்கே 1500 சி.சி.க்கு மேல், ஐந்து வருடத்துக்கு உட்பட்ட காருக்கு ஐ.டி.வி.யில் 3.44%. 2007-க்குப் பிறகு இந்த விகிதத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டதால் தள்ளுபடி இடத்துக்கு இடம் மாறும். ஷோரூம் கொடுக்கும் முதல் கொட்டேஷனோடு நிற்க வேண்டாம். அங்கேதான் பாலிசி எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

தம்பியின் கணக்கு இது. கார் விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து இரண்டு வருட வயதுக்கு 20% தேய்மானம் போக ஐ.டி.வி. 80 லட்சம். அதில் 3.44% என்றால் 2,75,200. நிறுவனம் பாதி தள்ளுபடி தந்தால் 1,37,600. தேர்ட் பார்ட்டி 7,897-ஐச் சேர்த்து, மொத்தத்துக்கும் 18% ஜி.எஸ்.டி. போட்டால் 1,71,686 ரூபாய். ஆட்-ஆன், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் காப்பு, எதுவும் சேர்க்காத தொகை.

அவருக்கு முதலில் தோன்றிய வழி ஐ.டி.வி.யைக் குறைப்பது. "60 லட்சம்னு போட்டுருங்கண்ணே." போட்டால் 40,592 ரூபாய் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் கார் திருடு போனால் 20 லட்சம் குறைவாக வரும். இதில் யாரும் யோசிக்காத இன்னொன்று உண்டு. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ், அதாவது கார் முழுவதும் போனதாக, முடித்துவிடுவார்கள். 80 லட்சம் என்றால் அந்தக் கோடு 60 லட்சத்தில் இருக்கும். 60 லட்சம் என்றால் 45 லட்சத்துக்கே வந்துவிடும். சாதாரண காரில் அந்தக் கோட்டைத் தொடுவது அபூர்வம். இறக்குமதி பாகங்கள் உள்ள காரில் முன்பக்க மோதல் ஒன்றே போதும்: ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக், சஸ்பென்ஷன் என்று பில் மளமளவென ஏறும். சரிசெய்து ஓட்டியிருக்கக்கூடிய கார், குறைந்த ஐ.டி.வி. போட்ட ஒரே காரணத்தால் கையைவிட்டுப் போய்விடும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இதிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 18%, அதன் மேல் செஸ் வேறு. ஒரு கோடி ரூபாய் காருக்கு 18 லட்சத்துக்கும் மேல் வரியாகவே போகிறது. ஐ.டி.வி.யில் இந்தப் பணம் சேராது. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான், பாலிசியில் எழுதியிருக்கும் விதத்தைப் பொறுத்து, வரியும் பதிவுச் செலவும் திரும்பும். பழைய கார் வாங்குபவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. புது கார் எடுப்பவர்கள் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

சரி, எங்கேதான் குறைப்பது? நான் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி: "பழைய சிட்டி என்னாச்சு?"

"நாலு மாசம் முன்னாடி வித்துட்டேன்."

"அதுல கிளைம் போட்டீங்களா?"

"ஆறு வருஷத்துல ஒண்ணு கூட இல்லண்ணே."

கிளைம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் என்.சி.பி., அதாவது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடி, சேரும்: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். அது காருக்குச் சொந்தமானதில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். காரை விற்றதும் பழைய நிறுவனத்திடம் என்.சி.பி. சான்று வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைக் கொண்டுபோகலாம். சிட்டியில் அந்த 50 சதவீதத்தின் மதிப்பு சில ஆயிரம்தான். அதே 50 சதவீதம் எம்2-வில் 1,37,600-ஐ 68,800 ஆக்கியது. வரியோடு சேர்த்தால் 81,184 ரூபாய் மிச்சம். மொத்தம் 90,502-க்கு இறங்கியது. காப்பில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. சின்ன காரிலிருந்து பெரிய காருக்குப் போகிறவர்கள் இந்தக் காகிதத்தை மறந்துவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகப் பணம் தின்னும் தவறு. விற்ற காரின் கடைசி பாலிசி நகலை மெயிலில் தேடி எடுங்கள், இன்றைக்கே.

இதையே தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. எம்2-வை விற்ற புரோக்கர், "முதல் ஓனரோட என்.சி.பி. 20 சதவீதம் இருக்கு சார், அப்படியே ஓடும்" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். ஓடாது. விற்றவருடைய என்.சி.பி. விற்றவரோடு போய்விடும். உரிமை இல்லாத என்.சி.பி.யைச் சொல்லிப் பாலிசி எடுத்தால் கிளைம் நாளில் பழைய நிறுவனத்திடம் விசாரித்துப் பார்ப்பார்கள், அப்போது பிரச்சினை. காரைக் கம்பெனி பெயரில் வாங்குகிறவர்களும் கவனியுங்கள்: உங்கள் சொந்தப் பெயரில் சேர்ந்த என்.சி.பி. அந்தக் கம்பெனிக்கு வராது.

50 சதவீதம் கையில் வந்துவிட்டால் சின்னக் கிளைம்களை யோசித்துத்தான் போட வேண்டும். தம்பியின் கணக்கில் ஒரே ஒரு கிளைம் போட்டால் அடுத்த ரெனியூவலில் அந்த அறுபது எழுபதாயிரம் போகும், அதற்கடுத்த வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி மறுபடி படியேற வேண்டும். இந்திராநகர் பப் வாசலில் வேலே பார்க்கிங் பையன் பம்பரைக் கீறிவிட்டான், பெயின்ட் செலவு முப்பதாயிரம் என்றால் கையிலிருந்து கொடுத்துவிடுவது லாபம். என்.சி.பி. பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் கணக்கு வேறு.

அடுத்து, ஆட்-ஆன்களை உருவுவது. நாம் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் இவற்றின் விலையில் பாதியை நீங்கள் கட்ட வேண்டும். இந்த வகைக் காரின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் எவ்வளவு என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். அதோடு, அடிப்படைப் பாலிசியில் டயர் மட்டும் கிழிந்தால் ஒன்றும் வராது. காரும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் பாதி. பக்கவாட்டு ரப்பர் இரண்டு விரல் உயரம் மட்டுமே உள்ள டயரை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பள்ளங்களில் ஓட்டுபவருக்கு டயர் ஆட்-ஆன் வீண் செலவாகாது.

எஞ்சின் ஆட்-ஆனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் மழையில் யெமலூர் எப்சிலான் குடியிருப்பில் பென்ட்லியும் லெக்ஸஸும் தண்ணீரில் நின்ற படங்களை நாடே பார்த்தது. வெள்ளச் சேதம் அடிப்படைப் பாலிசியிலேயே வரும். ஆனால் நனைந்து நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சிலிண்டருக்குள் போய், கனெக்டிங் ராடு வளைந்தால் அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். எஞ்சின் ஆட்-ஆன் அதற்குத்தான். தரையை ஒட்டி நிற்கும் காரில் காற்று இழுக்கும் வாயும் தாழ்வாகவே இருக்கும். பெல்லந்தூர் பக்கம் முழங்கால் தண்ணீரில் எஸ்.யு.வி. தப்பிவிடும், இது தப்பாது. ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, தண்ணீரில் நின்ற காரில் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். படம் எடுங்கள், நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள்.

விரும்பி ஏற்கும் விலக்குத் தொகை, அதாவது வாலன்டரி டிடக்டிபிள், காகிதத்தில் அழகாகத் தெரியும். டாரிஃப் புத்தகக் கணக்கில் ஒவ்வொரு கிளைமிலும் 15,000 ரூபாயை நீங்களே ஏற்றால் 35% தள்ளுபடி. ஆனால் உச்சவரம்பு 2,500 ரூபாய். ஒரு கோடி ரூபாய் காருக்கு அது காசே இல்லை. பெரிய தள்ளுபடி என்று யாராவது சொன்னால் ரூபாயில் எவ்வளவு என்று கேளுங்கள்.

மறைப்பதைப் பற்றி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் காரை வாங்கியபடியே விட்டுவைப்பவர்கள் குறைவு. எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வை ரீமேப் செய்து நூறு குதிரை கூட்டுவார்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து காரை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சட்டம் இடம் தரும் மாற்றங்களை நிறுவனத்திடம் சொல்லி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தக் குறிப்பு, வாங்க வேண்டும். பொருத்திய பொருளுக்குத் தனி மதிப்பும் போட வேண்டும். சொல்லாமல் விட்டால் சர்வேயர் பானெட்டைத் திறக்கும் நாளில் பேச்சு வேறு மாதிரி போகும். இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ டிராக் டே, அதாவது பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்ட, போகிறவர்களுக்கு: பந்தயமும் வேகச் சோதனையும் சாதாரணப் பாலிசியில் கிடையாது. கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்குக் கொடுப்பதும் அப்படியே.

வரியை மிச்சப்படுத்த பாண்டிச்சேரி முகவரியில் காரைப் பதிவு செய்யும் வழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை பெங்களூரில் 30 சொகுசு கார்களை வரி ஏய்ப்புக்காகப் பறிமுதல் செய்தது. அதே வருடம் ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவுள்ள ஃபெராரி ஒன்றுக்கு 1.42 கோடி ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்தது. வரி ஒரு பக்கம் இருக்கட்டும். இல்லாத முகவரியை இன்சூரன்ஸ் படிவத்தில் எழுதுவதால் மற்ற ஊர்களுக்கான 'பி' மண்டல விகிதத்தில் கிடைக்கும் லாபம், தம்பியின் காருக்கு, ஜி.எஸ்.டி.க்கு முன் 3,880 ரூபாய். அந்தப் பணத்துக்காகக் கிளைமை மறுக்க ஒரு காரணத்தை நிறுவனத்தின் கையில் கொடுக்கிறோம்.

கடைசியாகத் தம்பியிடம் ஆர்.சி.யும் பழைய பாலிசியும் அனுப்பச் சொன்னேன். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறி ஐந்து வாரம் ஆகியிருந்தது. பாலிசி இன்னும் விற்றவர் பெயரில். கார் கைமாறினால் தேர்ட் பார்ட்டி காப்பு தானாக மாறிவிடும். ஓன் டேமேஜுக்கு 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலையில் பல்லாரி ரோட்டில் நந்தி மலைக்குப் போய் வந்திருக்கிறார். ஒரு டிவைடரில் உரசியிருந்தால் முழுச் செலவும் அவருடையது. நான் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. ஐ.டி.வி. 80 லட்சம், ஜீரோ டெப், எஞ்சின், டயர், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். அவர் கேட்ட ஒரு லட்சத்தைவிடக் கூடத்தான். புது பாலிசி மெயிலில் வரும் வரை காரை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்த ஞாயிறு அவர் பஸ்ஸில்தான் போனார்.