புது அலாய் வீலுக்கு நட்டு செலக்ட் பண்றது எப்படி? கலரை கடைசியா பாருங்க

புது அலாய் வீல் வாங்கியாச்சு, டயரும் ஏத்தியாச்சு, மாட்டப் போற நேரத்துல தான் நிறைய பேருக்கு நட்டு ஞாபகமே வரும். பழைய நட்டையே போட்டுக்கலாமே, எல்லாம் ஒரே சைஸ் தானேன்னு ஒரு கூட்டம், ஆன்லைன்ல ஊதா கலர்ல நீட்டமா ஒண்ணு பாத்தேன் செமயா இருக்குன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் பாக்க வேண்டியத பாக்கல. முதல்ல பாக்க வேண்டியது வண்டியில இருக்குற மரை, அதாவது நட்டு சுத்திச் சுத்தி ஏறுற திருகு வரி, அடுத்தது வீல்ல நட்டு போய் உக்கார்ற அந்த ஓட்டை. இந்த ரெண்டும் சரியா அமைஞ்சா மீதியெல்லாம் உங்க இஷ்டம்.

வாங்குறதுக்கு முன்னாடி நட்டு என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். வண்டியோட வெயிட்ட ஸ்டட் (நட்டு ஏறுற, மரை போட்ட கம்பி) தான் தாங்குதுன்னு பல பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. நட்ட டைட் பண்ணும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு நீளுது, அது திரும்ப சுருங்கப் பாக்குற விசையில வீல் போய் ஹப்போட (வண்டியில வீல மாட்டுற நடு பாகம்) அழுந்திக்குது, அந்த அழுத்தத்துல வர்ற உராய்வு தான் பிரேக் அடிக்கும்போதும் வளைவுல திரும்பும்போதும் எல்லா லோடையும் வாங்குது. நட்டோட முகம் வீல்ல சரியா படலைன்னா டார்க் ரெஞ்ச் (செட் பண்ண முறுக்கு அளவு வந்ததும் சத்தம் கொடுக்குற ஸ்பேனர்) கிளிக்னு அடிச்சாலும் அந்த இழுவிசை நிக்காது, கொஞ்ச தூரம் ஓடினதும் லூஸ் ஆகும், வீல் ஆட ஆட ஸ்டட் வளைஞ்சு நிமிர்ந்து ஒரு கட்டத்துல உடைஞ்சே போயிடும்.

ஸ்டெப் 1: உங்க வண்டியில இருக்குறது நட்டா, போல்ட்டா?

ஒரு வீல கழட்டிப் பாருங்க. ஹப்புல இருந்து கம்பி மாதிரி மரையோட நீட்டிக்கிட்டு இருந்தா அது ஸ்டட், அதுக்கு நட்டு வேணும். ஹப்புல வெறும் ஓட்டை தான் இருக்குன்னா அதுக்கு போல்ட். ஜப்பான், கொரியா, அமெரிக்க வண்டிங்க பெரும்பாலும் ஸ்டட், ஃபோக்ஸ்வேகன், ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி ஐரோப்பா வண்டிங்க பெரும்பாலும் போல்ட். போல்ட் வண்டின்னா ஒரு எக்ஸ்ட்ரா தலைவலி இருக்கு, அத நீளம் பத்தி பேசும்போது சொல்றேன்.

ஸ்டெப் 2: மரை சைஸ்

கடையில 12 × 1.5, 12 × 1.25, 14 × 1.5 இப்படித் தான் சொல்லுவாங்க. முதல் நம்பர் ஸ்டட்டோட விட்டம், எம்எம் கணக்குல. ரெண்டாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்குற தூரம். டொயோட்டா, ஹோண்டா, மஸ்டா, ஹூண்டாய், கியா கார்ல பெரும்பாலும் 12 × 1.5 தான். நிசான், சுபாரு, சுசூகின்னா 12 × 1.25. பெரிய எஸ்யூவி, 2015க்கு அப்புறம் வந்த மஸ்டாங், டெஸ்லா மாடல் 3 இதெல்லாம் 14 × 1.5. பிஎம்டபிள்யூல பழையதுக்கு 12 × 1.5, புதுசுக்கு 14 × 1.25. ஒரே கம்பெனிக்குள்ளயே மாடலுக்கு மாடல் மாறும், அதனால இத நம்பி ஆர்டர் போட்டுடாதீங்க, மேனுவல் பாருங்க, இல்ல மரை கேஜ் (மரை தூரத்த அளக்குற பல்லு வெச்ச தகடு) வெச்சு ஸ்டட்ட அளந்துக்குங்க.

இதுல ஒரு ஆபத்தான ஜோடி இருக்கு. பழைய மஸ்டாங், பழைய ஜீப் ராங்லர் மாதிரி வண்டிங்கள்ல அரை இன்ச் ஸ்டட் வரும், இன்ச்சுக்கு 20 மரை. கணக்கு போட்டா விட்டம் 12.7 எம்எம், மரை தூரம் 1.27 எம்எம். அந்த நட்ட கொண்டு வந்து 12 × 1.25 ஸ்டட்ல போட்டா மரை தூரம் கிட்டத்தட்ட ஒண்ணு தாங்கறதால வழுக்கிக்கிட்டு ஜோரா ஏறும், ஆஹா எவ்ளோ ஸ்மூத்தா போகுதுன்னு தோணும், ஆனா விட்டத்துல இருக்குற அந்த 0.7 எம்எம் வித்தியாசத்தால மரையோட நுனி மட்டும் தான் பிடிச்சிருக்கும், டைட் பண்ணும்போதோ ரோட்ல ஓடும்போதோ மொத்தமா உருவிக்கிட்டு வந்துடும். நட்டு ஸ்டட்ல கையால ஈசியா ஏறணும், ஆனா ஏறினதுக்கு அப்புறம் பிடிச்சு ஆட்டினா கடகடன்னு ஆடக் கூடாது.

இதுக்கு நேர் எதிரா 1.25 நட்ட 1.5 ஸ்டட்ல போட்டா ஒண்ணு ரெண்டு சுத்துல சிக்கிக்கும். சிக்கினா அங்கேயே நிறுத்திடுங்க. ஏர் கன் (டயர் கடையில காத்து அழுத்தத்துல நட்ட முறுக்குற மெஷின்) வெச்சு ஏத்திடலாம்னு நினைச்சா நட்டும் போச்சு ஸ்டட்டும் போச்சு.

ஸ்டெப் 3: சீட்டு, அதாவது நட்டு உக்கார்ற முகம்

இந்த ஸ்டெப்ப மட்டும் நிதானமா படிங்க, மத்தத வேகமா தள்ளினாலும் பரவாயில்ல.

மூணு வகை தான் அதிகமா பாப்பீங்க. ஒண்ணு கூம்பு வடிவம், 60 டிகிரி டேப்பர்னு சொல்லுவாங்க, நட்டோட அடிப்பக்கம் நேர் கோடா சரிஞ்சு வரும். வெளி மார்க்கெட்ல விக்கிற அலாய் வீல் பெரும்பாலும் இதுக்குத் தான் செஞ்சிருப்பாங்க. ரெண்டாவது உருண்டை சீட்டு, அடிப்பக்கம் பந்து மாதிரி வளைஞ்சிருக்கும். ஹோண்டாவோட கம்பெனி நட்டு, ஃபோக்ஸ்வேகன், ஆடி, மெர்சிடிஸ், போர்ஷே போல்ட் எல்லாம் இந்த வகை, அதுலயும் வளைவோட ஆரம் ஆர்12, ஆர்13, ஆர்14னு மாறும். மூணாவது வாஷர் வெச்ச தட்டை சீட்டு, நட்டுக்கு கீழ ஒரு நேர் குழாயும் அதுக்கு மேல தட்டையான வாஷரும் இருக்கும், டொயோட்டாவோட பல கம்பெனி அலாய் வீல்ல இத பாக்கலாம்.

இப்ப புரியுதா பழைய நட்ட ஏன் அப்படியே போடக் கூடாதுன்னு? ஹோண்டாக்காரர் வெளி வீல் வாங்குறாரு, மரை அதே 12 × 1.5, பழைய நட்டு அழகா ஏறுது, டைட்டும் ஆகுது. ஆனா உருண்டை முகம் கூம்பு ஓட்டையில போய் உக்காந்தா மெல்லிசா ஒரு வளையம் அளவுக்குத் தான் தொடும், மீதி இடமெல்லாம் காத்து. அலுமினியம் மெத்துன உலோகம், அந்த மெல்லிசான கோட்டுல மொத்த அழுத்தமும் விழுந்தா அமுங்கிப் போய் நட்டு தானா லூஸ் ஆகும். வெளியில இருந்து பாத்தா எதுவுமே தெரியாது.

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் இருக்கு. நட்டோட சரிவு முகம் முழுக்க பர்மனெண்ட் மார்க்கர் பேனாவால நல்லா கருப்பு அடிங்க. வண்டி ஜாக்கில இருக்கும்போதே வீல மாட்டி, அந்த நட்ட ஸ்பேனரால லேசா டைட் பண்ணி திரும்ப கழட்டிப் பாருங்க. கருப்பு அகலமா சுத்தி ஒரே மாதிரி அழிஞ்சிருந்தா முகம் முழுசா படுதுன்னு அர்த்தம். நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் அழிஞ்சிருந்தா அந்த நட்டு அந்த வீலுக்கு ஆகாது. ஒரு பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா வீல் சென்டர்ல உக்காரலைன்னு அர்த்தம், ஹப் ரிங் (ஹப்புக்கும் வீலோட நடு ஓட்டைக்கும் இருக்குற இடைவெளிய அடைக்கிற வளையம்) தேவைப்படுதான்னு பாருங்க, ஏன்னா வெளி வீலோட நடு ஓட்டை பல வண்டிக்கு சேர்ற மாதிரி பெருசா தான் விட்டிருப்பாங்க.

வீல் ஓட்டைக்குள்ள பெயிண்ட் தடிப்பா படிஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க, முக்கியமா ரீபெயிண்ட் அடிச்ச செகண்ட் ஹேண்ட் வீல்னா. சீட்ல பெயிண்ட் இருந்தா முதல்ல டைட்டா இருக்குற மாதிரி இருக்கும், சூட்டுல அந்த பெயிண்ட் அமுங்கி உரிஞ்சதும் டைட் போயிடும்.

ஸ்டெப் 4: எத்தனை சுத்து ஏறுது

பொதுவா சொல்ற கணக்கு, ஸ்டட்டோட விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு மரை பிடிக்கணும். 12 × 1.5னா 12 எம்எம்முக்கு 8 சுத்து, 12 × 1.25னா கிட்டத்தட்ட 10 சுத்து, 14 × 1.5னா 9 சுத்துக்கு மேல. வீல மாட்டிட்டு நட்டோட மரை ஸ்டட்ல பிடிச்ச இடத்துல இருந்து சீட்ல முட்டுற வரைக்கும் கையால எண்ணிக்கிட்டே ஏத்துங்க, அவ்ளோதான் டெஸ்ட். வெளி வீல்ல ஹப்போட ஒட்டுற பாகம் தடிமனா இருந்தாலோ, ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல போடுற தட்டு) போட்டிருந்தாலோ சுத்து கம்மியாயிடும். அப்படின்னா ஓட்டைக்குள்ள இறங்குற நீள மரை நட்டு போடலாம், ஆனா அதோட குழாய் பகுதி உங்க வீல் ஓட்டைக்குள்ள நுழையுற சைஸான்னு அளந்துட்டு வாங்குங்க. இல்லைன்னா நீளமான ஸ்டட் மாத்துறது தான் சரியான வழி, வேலை கூட தான், ஆனா நிம்மதி.

மூடி போட்ட நட்டு வாங்குறவங்களுக்கு எதிர் பிரச்சனை வரும். ஸ்டட் நீளமா இருந்தா அதோட நுனி நட்டுக்குள்ள மூடியில போய் முட்டிக்கும், நட்டு கல்லு மாதிரி டைட்டா இருக்கும், ஆனா வீல் லூஸா இருக்கும். வாங்கும்போது நட்டோட உள் ஆழத்த ஒரு குச்சி விட்டு அளந்து, வீல் மாட்டினதுக்கு அப்புறம் ஸ்டட் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு ஒப்பிட்டுப் பாருங்க. நீளமான ஸ்டட் போட்டவங்களுக்கு ரெண்டு பக்கமும் திறந்த நட்டு தான் சேஃப், மரையில தூசி மழைத்தண்ணி படும், அத அப்பப்ப துடைச்சுக்கலாம்.

போல்ட் வண்டிக்காரங்களுக்கு அந்த தலைவலி இங்க தான். போல்ட் நீளம் கம்மின்னா மரை பிடிக்காது, அதிகம்னா ஹப்ப தாண்டி பின்னாடி போய் பிரேக் பாகத்துலயோ ஏபிஎஸ் பாகத்துலயோ இடிக்கும். மாட்டினதும் வண்டி ஜாக்கில இருக்கும்போதே வீல கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, எங்கயாவது டக் டக்னு தட்டினா ஓட்டாதீங்க.

ஸ்டெப் 5: வெளி சைஸும் சாக்கெட்டும்

சாக்கெட் (நட்டு தலைய மூடிப் பிடிக்கிற ஸ்பேனர் குழாய்) சைஸ் நட்டு தலையோட அகலத்த வெச்சு தான். ஹோண்டா நட்டு பெரும்பாலும் 19 எம்எம், டொயோட்டா 21 எம்எம். ஆனா வெளி வீல்ல ஓட்டை ஒடுக்கமா இருக்கும், 21 சாக்கெட் உள்ளயே போகாது, போனாலும் பெயிண்ட்ட சொரண்டிட்டு வரும். அதுக்குத் தான் ஒல்லியான ஸ்ப்லைன் நட்டு, சுத்தி பல்லு பல்லா இருக்கும், அதுக்குன்னு தனியா ஒரு சாவி வரும். ஓட்டையோட விட்டத்த வெர்னியர் அளவுகோல்ல அளங்க, உங்க சாக்கெட்டோட வெளி விட்டத்தையும் அளங்க, ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சமாவது இடைவெளி இருக்கணும். ஸ்ப்லைன் சாவி எப்பவும் வண்டியிலேயே இருக்கட்டும், பஞ்சர் வீடு பாத்து வராது.

ஸ்டெப் 6: எந்த உலோகம்

தினமும் ஓட்டுற வண்டிக்கு ஸ்டீல், அவ்ளோதான் என் பதில். அலுமினியம் நட்டு வெயிட் கம்மி, கலரும் விதவிதமா வரும், ஆனா மரை மெத்துன்னு இருக்கும், அடிக்கடி கழட்டி மாட்டினா தேயும், ஏர் கன் காட்டவே கூடாது. டைட்டேனியம் ஸ்ட்ராங்கும் லேசும் தான், விலையும் எகிறும், மரையோட மரை ஒட்டிக்கிற குணமும் அதுக்கு உண்டு. ரேஸ் ட்ராக்குக்கு போறவங்க யோசிக்கலாம், ஆபீஸ் போற வண்டிக்கு எதுக்குங்க அது.

ஸ்டீல்லயும் ஒண்ணு கவனிங்க. சிலதுல உள்ள ஸ்டீல், மேல மெல்லிசா பளபளன்னு ஒரு தகடு தொப்பி போட்டிருப்பாங்க. அந்த தொப்பிக்குள்ள தண்ணி புகுந்து துரு ஏறினா நட்டு உப்பிடும், 19 சாக்கெட் போகாது, 20 லூஸா நிக்கும், நடு ரோட்ல டயர் மாத்த முடியாம முழிக்க வேண்டியது தான். ஒரே துண்டா செஞ்ச நட்டா கேட்டு வாங்குங்க.

லாக் நட்டு (தனி சாவி இல்லாம கழட்ட முடியாத, திருட்டு தடுக்குற நட்டு) வேணும்னா வீலுக்கு ஒண்ணு போதும். அதையும் கை ஸ்பேனரால தான் டைட் பண்ணணும், கன் போட்டா சாவி உடையும்.

ஸ்டெப் 7: மாட்டுறது

ஹப்பையும் வீலோட பின்பக்கத்தையும் வயர் பிரஷ்ல துரு போக தேய்ங்க. எல்லா நட்டையும் கையால ஏத்துங்க, அப்புறம் ஸ்பேனர்ல எதிர் எதிரா நட்சத்திர வரிசையில பதமா டைட் பண்ணி, வண்டிய இறக்கி டயர் தரையில பட்டதும் டார்க் ரெஞ்ச்ல ஃபைனல் டைட். அளவு உங்க மேனுவல்ல இருக்கும். ஹோண்டா சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர், புது மஸ்டாங்குக்கு 204, அவ்ளோ வித்தியாசம் இருக்கு, குத்துமதிப்பா ஏறி மிதிக்கிற ஆளுங்கள கிட்ட விடாதீங்க. அலுமினியம், டைட்டேனியம் நட்டுன்னா அத செஞ்சவங்க கொடுத்திருக்குற டார்க் அளவையும் படிங்க, அது உங்க மேனுவல் அளவுக்குக் கம்மியா இருந்தா அந்த நட்டு உங்க வண்டிக்கு வேணாம்.

மரையில ஆயில், கிரீஸ் வேணாம். மேனுவல்ல சொல்ற அளவு பொதுவா காஞ்ச மரைக்கு, எண்ணெய் தடவினா உராய்வு குறைஞ்சு அதே டார்க்ல ஸ்டட் ரொம்ப அதிகமா இழுபட்டுடும்.

80ல இருந்து 160 கிலோமீட்டருக்குள்ள வண்டி ஆறி இருக்கும்போது திரும்ப ஒரு தடவ டார்க் செக் பண்ணுங்க. புது வீல் கொஞ்சம் அமுங்கி உக்காரும், ஒண்ணு ரெண்டு நட்டு லேசா திரும்பினா பயப்பட வேணாம். அடுத்தடுத்த செக்லயும் அதே நட்டு திரும்பிக்கிட்டே இருந்தா மட்டும் கழட்டி சீட்ட பாருங்க.

பழைய நட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. டிக்கியில இருக்குற ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல் தான், அதோட சீட்டு வேற, புது நட்டு அதுக்கு சேராம போகலாம். ஒரு வீலுக்குத் தேவையான பழைய நட்ட ஒரு துணிப்பையில கட்டி ஜாக்கு பக்கத்துலயே வெச்சிருங்க. கலரா? ஊதாவோ நீலமோ, மேல சொன்னதெல்லாம் பாஸ் ஆன நட்டுல உங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்குங்க.