ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க நினைப்பவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது இந்த வழியைத்தான்: இன்று ஏ எழுத்து, நாளை பி, மறுநாள் சி என்று ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்வது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதையே செய்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் இதையே செய்கிறார்கள்.

முதல் எழுத்துக்கு நினைவைத் தூண்டும் சக்தி உண்டு என்பது உண்மைதான். 1966இல் உளவியலாளர்கள் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல் நாக்கு நுனியில் நின்று வெளியே வராதபோதும் அதன் முதல் எழுத்தைப் பலரால் சரியாகச் சொல்ல முடிந்தது. நம் ஆத்திசூடியும் இதை நம்பித்தான் நிற்கிறது. 'அறம் செய விரும்பு, ஆறுவது சினம், இயல்வது கரவேல்' என்று அகர வரிசை நம்மை அடுத்த வரிக்குக் கூட்டிப்போகிறது. ஆனால் அங்கே அகரத்துக்கு ஒரு வரி, ஆகாரத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான். ஒரே ஆணியில் நாற்பது சட்டையை மாட்டினால் தேடுகிற சட்டை கைக்கு வராது. எழுத்துவாரிப் பட்டியலில் நடப்பதும் அதுதான்.

இதில் பெரிய தவறு, உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் சொற்களை ஒரே நாளில் படிப்பது. ஏ பட்டியல் எழுதிய நோட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். 'அடாப்ட் – தகவமைத்துக்கொள்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே 'அடாப்ட் – தத்தெடு' என்று இன்னொரு வரி. ஆங்கிலத்தில் முதலாவதன் மூன்றாம் எழுத்து ஏ, இரண்டாவதன் மூன்றாம் எழுத்து ஓ. வித்தியாசம் அந்த ஒரே எழுத்தில்தான். நாம் உச்சரிப்பைத் தமிழில் பக்கத்தில் எழுதிக்கொள்ளும்போது அதுவும் போய்விடுகிறது. நான்கு நாள் கழித்துக் கேட்டால் இரண்டு சொல்லும் தெரியும், இரண்டு பொருளும் தெரியும், எது எதற்கு என்பது மட்டும் தெரியாது. தனித்தனியாகப் படித்திருந்தால் ஒன்றாவது உறுதியாக நின்றிருக்கும்.

எஸ் பட்டியலில் ஸ்டேஷனரி இரண்டு உண்டு: கடைசியில் ஈ-ஆர்-ஒய் என்று முடிந்தால் எழுதுபொருள், ஏ-ஆர்-ஒய் என்று முடிந்தால் அசையாமல் நிற்பது. எல் பட்டியலில் லூஸ் இரண்டு: இரண்டு ஓ போட்டால் தளர்வானது, ஒரு ஓ போட்டால் தொலைப்பது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டியா லாஃபர் இப்படி உருவத்தால் குழப்பும் சொற்களைப் பற்றி விரிவாக ஆய்வு செய்திருக்கிறார்.

உருவத்தோடு பொருளும் நெருங்கிவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். டியூஸ்டே, தர்ஸ்டே இரண்டையும் சின்னப் பிள்ளைகள் மாற்றிச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் டி-யில் தொடங்குகின்றன, இரண்டும் கிழமை. பெரியவர்கள் தடுமாறுவது ப்ரிங்கின் இறந்தகாலமான ப்ராட், பை (வாங்கு) என்பதன் இறந்தகாலமான பாட் இரண்டிலும். முதலாவது கொண்டுவந்தது, இரண்டாவது வாங்கியது. இப்படிப்பட்ட ஜோடிகளில் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். அதை வைத்துப் பேசி, எழுதி, யோசிக்காமலே வாயில் வரும் நிலைக்கு வந்த பிறகு, சில வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெளிவாகிவிடும் என்று பல பாடநூல்கள் நினைக்கின்றன. ஏற்கெனவே ஒன்று நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அந்த ஒப்பீடு பயன்படும்.

அடுத்தது, எழுத்தையும் ஒலியையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது. சி-யில் தொடங்கும் கேட், சிட்டி, சேர், செஃப், கெமிஸ்ட்ரி ஆகியவற்றின் தொடக்க ஒலி ஒன்றல்ல. கே-யில் எழுதும் நைஃப் என்ற சொல்லில் கே வாயிலேயே வராது. எச்-சில் எழுதும் அவர், அதாவது மணி நேரம், எச் இல்லாமல் ஒலிக்கும். இதைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தால் இலக்கணமும் கெடும். யு உயிரெழுத்துதானே என்று 'ஆன் யுனிவர்சிட்டி' என்கிறார்கள். அது 'எ யுனிவர்சிட்டி'. மணி நேரத்தைக் குறிக்கும் அவர் என்ற சொல்லுக்கு முன்னால்தான் ஆன் வரும். ஆகவே பட்டியல் போடும்போதே ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, ஒலிவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செல்போன் அகராதியில் உச்சரிப்பைக் கேட்கலாம் என்பதால் இப்போது இது சுலபம்.

எந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அகராதியைப் பிரித்து ஏ-யிலிருந்து தொடங்குபவர்களுக்கு அபேட், அப்ஹார், அப்ஸ்காண்ட் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆனால் அலவ், அவாய்ட், அரேஞ்ச் போன்ற தினசரிச் சொற்களை வைத்து ஒரு வாக்கியம் அமைக்க வராது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலம் கற்பவர்களுக்காகச் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை 1953இல் வெளியிட்டார். அதன் அடிப்படை, எந்தச் சொல் அதிகம் பயன்படுகிறது என்பது. அப்படிப்பட்ட பட்டியலில் இருந்து எடுங்கள். எல்லா எழுத்துக்கும் சமமாக இருபது சொல் வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஆங்கில அகராதியில் எஸ் பகுதிதான் தடிமன், எக்ஸ் சில பக்கங்களில் முடிந்துவிடும். கணக்குக்காக எக்ஸ் பக்கத்தை நிரப்பும் நேரத்தில் எஸ்-ஸில் உருப்படியாகப் பத்துச் சொல் படிக்கலாம்.

சொற்குடும்பம் சிதறிப்போவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பாசிபிள் பி பக்கத்தில், இம்பாசிபிள் ஐ பக்கத்தில். லீகல் எல் பக்கத்தில், இல்லீகல் ஐ பக்கத்தில். ரெகுலர் ஆர் பக்கத்தில், இர்ரெகுலர் ஐ பக்கத்தில். இந்த மூன்று ஜோடிகளையும் ஒரே பக்கத்தில் எழுதினால், எதிர்மறை முன்னொட்டான இன், பி-க்கு முன்னால் இம் ஆகவும், எல்-லுக்கு முன்னால் இல் ஆகவும், ஆர்-ருக்கு முன்னால் இர் ஆகவும் மாறுவது கண்ணுக்குத் தெரியும். சரி, ஐ-யில் இன் என்று தொடங்கினால் எல்லாம் எதிர்மறையா? இல்லை. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருப்பது, எளிதில் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது.

சொல்லுக்கு நேரே ஒரே ஒரு தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி நிறுத்துவதும் போதாது. ஒரு சின்ன வாக்கியமாவது உடன் வேண்டும்.

அப்புறம், பட்டியலை எப்போதும் மேலிருந்து கீழாகவே ஒப்பிப்பது. அப்படிச் செய்தால் முந்தைய சொல்தான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும். நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் திணறுவீர்கள். சொல் ஒரு பக்கம், வாக்கியம் மறுபக்கம் என்று சின்னச் சீட்டுகளில் எழுதி, எல்லா எழுத்துகளையும் ஒன்றாகக் கலைத்துப் போட்டுப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு புதிய சொல் போதும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதே சீட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டும்.

அப்படியானால் முதல் எழுத்தை எங்கே பயன்படுத்துவது? படித்ததைச் சோதிக்கும்போது. ஏதாவது ஒரு எழுத்தை எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் அதில் தொடங்கும் எத்தனை சொல் வாயில் வருகிறது என்று பாருங்கள். மூளைத்திறன் சோதனைகளிலும் எஃப், ஏ, எஸ் எழுத்துகளைக் கொடுத்து இப்படி ஒவ்வொரு நிமிடம் சொல்லச் சொல்வதுண்டு. பிறகு சீட்டுகளை எடுத்து, படித்தும் வாயில் வராத சொற்கள் எவை என்று பார்த்து, அவற்றை மறுநாள் படிக்கும் சீட்டுக்கட்டின் மேலே வையுங்கள்.