சூடான வாயுவையும் கரும்பொருளையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது எப்படி?

இதற்குத் தேவையான தரவு இலவசம். பிளாங்க் விண்கலத்தின் ஒய்-வரைபடம் சூடான எலக்ட்ரான்களின் அழுத்தத்தைக் காட்டும். டார்க் எனர்ஜி சர்வே என்ற வான ஆய்வின் மூன்றாம் ஆண்டுப் பட்டியலில் உள்ள சுமார் 10 கோடி கேலக்ஸிகளின் வடிவங்களில், கரும்பொருள் ஒளியை வளைத்த தடம் இருக்கிறது. பைத்தானும், வான வரைபடத்தைக் கையாளும் ஹீல்பை, ஒப்பீட்டைக் கணக்கிடும் ட்ரீகார் தொகுப்புகளும் போதும். நிரல் எழுதுவது சின்ன வேலை. வந்த விடையை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் நாள்கள் ஓடும்.

ஒய்-வரைபடம்

பெருவெடிப்பின் எச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியின் ஃபோட்டான்கள் கேலக்ஸிக் கொத்துகளின் சூடான எலக்ட்ரான்களில் மோதி ஆற்றல் பெறுகின்றன. அதனால் 217 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கொத்து பள்ளமாகவும், மேலே மேடாகவும் தெரியும். ஒய் மதிப்பு 0.0001 உள்ள கனமான கொத்து 143 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 280 மைக்ரோகெல்வின் பள்ளம் தரும்.

வரைபடத்தின் கூர்மை 10 ஆர்க்நிமிடம்தான் (60 ஆர்க்நிமிடம் ஒரு பாகை). எனவே பிக்சல் நுணுக்கத்தைக் குறிக்கும் என்-சைடு எண்ணை 2048-லிருந்து 1024-க்குக் குறைத்தாலும் இழப்பு சொற்பம். டார்க் எனர்ஜி சர்வேயின் 4,143 சதுர பாகையில் சுமார் 12.6 லட்சம் பிக்சல்களே மிஞ்சும். பால்வழித் தளத்தையும் ரேடியோ மூலங்களையும் மறையுங்கள். கொத்துகளை மட்டும் மறைத்துவிடாதீர்கள், சிக்னலே அவைதான். மறைத்த பிக்சல்களைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும்: வானத்தைச் சமபரப்புப் பிக்சல்களாக வெட்டும் ஹீல்பிக்ஸ் முறை, வெற்றிடத்துக்கு −1.6375×10³⁰ என்று எழுதி வைக்கும், அதில் ஒன்று நுழைந்தாலும் மொத்தக் கணக்கும் போயிற்று.

ஆயங்கள்

அதிகம் பேர் இடறும் இடம் இது. பிளாங்க் பால்வழி ஆயத்தில் இருக்கிறது, கேலக்ஸிப் பட்டியல் வல ஏற்றம்–நடுவரை விலக்கத்தில். வரைபடத்தைச் சுழற்றினால் இடைச்செருகலில் மதிப்புகள் மங்கும்; பிக்சல் மையங்களை மட்டும் மாற்றுங்கள். ஹீல்பையின் தீட்டா வட துருவத்திலிருந்து அளக்கப்படுவது என்பதையும் மறக்க வேண்டாம். பிக்சல் வரிசை ரிங்கா நெஸ்டடா என்று கோப்பின் தலைப்பிலேயே இருக்கும்.

வடிவங்கள்

வளைந்த ஒளியால் கேலக்ஸியின் வடிவத்தில் வரும் நீட்சியான ஷியர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேலக்ஸிகளின் இயல்பான நீள்வட்டமோ ஒரு கூறுக்கு 0.27 அளவு சிதறும். சராசரி ஷியரை 0.0001 துல்லியத்தில் பெற 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் வேண்டும். ஒவ்வொரு சிவப்புப்பெயர்ச்சித் தொகுதியிலும் (தொலைவின்படி பிரித்த கேலக்ஸிகள்) சராசரி நீள்வட்டத்தைக் கழித்து, மெட்டாகேலிபரேஷன் மறுவினையால் (ஷியருக்கு அளந்த வடிவம் எவ்வளவு அசைகிறது என்ற எண்) வகுங்கள். வகுக்க மறந்தால் சிக்னல் குறைந்து தெரியும், வாயு குறைவு என்று தவறாக முடிவெடுப்பீர்கள்.

ஒப்பீடு

ஒய்-யின் சராசரியைக் கழித்தபின், ட்ரீகாரின் கே-ஜி வகையில் (ஒய் போன்ற எண்ணையும் ஷியரையும் ஒப்பிடுவது) 8 முதல் 200 ஆர்க்நிமிடம் வரை 12 மடக்கைத் தொகுதிகளாக ஓட்டுங்கள். மையத்தைச் சுற்றி வட்டமாக நீளும் தொடுகோட்டு ஷியர் நேர்மதிப்பாகவும், அதற்கு 45 பாகை சாய்ந்த குறுக்குக் கூறு பூஜ்யமாகவும் வர வேண்டும். தொடுகோட்டுச் சிக்னலே காணோம் என்றால் முதலில் இரண்டாம் நீள்வட்டக் கூறின் குறியைத் திருப்பிப் பாருங்கள். பட்டியலுக்குப் பட்டியல் அந்த வழக்கம் மாறும்.

தூசி

ஒய்-வரைபடத்தில் கசியும் தொலைதூரக் கேலக்ஸிகளின் தூசி ஒளி உண்மையிலேயே கரும்பொருளோடு சேர்ந்து நிற்பது. ஆகவே குறுக்குக் கூறு பூஜ்யமாக வந்தாலும் இது பிடிபடாது. ஒய்-க்குப் பதில் 545 கிகாஹெர்ட்ஸ் வரைபடத்தை வைத்து அதே கணக்கை ஓட்டுங்கள். பிறகு தூசியை நீக்கிய ஒய்-வரைபடத்தில் விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நீக்கினால் இரைச்சல் கூடும், அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரேடியோ மூலங்கள் எதிர்த்திசையில் கெடுக்கும்: கொத்தின் பள்ளத்தை நிரப்பி ஒய்-யைக் குறைத்துக் காட்டும்.

பிழை

வானத்தை 100 துண்டாக்கி ஜாக்நைஃப் செய்யலாம், அதாவது ஒவ்வொரு துண்டாக விட்டுவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பிழையை மதிப்பிடலாம். ஒவ்வொன்றும் 6 பாகைக்குமேல் அகலம், 200 ஆர்க்நிமிடத்துக்குத் தாராளம். ஆனால் நான்கு சிவப்புப்பெயர்ச்சித் தொகுதிகளையும் சேர்த்தால் 48 எண்கள். அப்போது கோவேரியன்ஸின் (எண்களின் பிழைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்ற அணி) நேர்மாறு பெரிதாக வரும். (100−48−2)/99, அதாவது சுமார் 0.5-ஆல் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவு பெரிய திருத்தம் கேட்கும் கோவேரியன்ஸை நம்புவதைவிட, முதலில் ஒரே தொகுதியின் 12 எண்களோடு தொடங்குவது மேல், திருத்தம் 0.87-தான்.